அத்தைக்குச் சொதி வேணுமாம்

வயதானவர்களுக்குப் பிடித்ததைச் சமைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, உப்பு ஆகாது, காரம் ஆகாது, தேங்காய் ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாக உருவிவிட்டு, மிச்சமிருக்கும் வெந்நீரைக் குழம்பு என்று தட்டில் ஊற்றி, "உங்களுக்குப் பிடிக்குமேன்னு செஞ்சேன், சாப்பிடுங்க" என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். அதற்குப் பேசாமல் ஓட்ஸ் கஞ்சியே வைத்துக் கொடுத்துவிடலாம். கஞ்சி என்று தெரிந்து கஞ்சி குடிப்பதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆசைப்பட்ட பண்டத்தின் பேரைச் சொல்லி வேறு எதையோ கொடுப்பதுதான் கஷ்டம்.

என் பெரிய அத்தை, அதாவது அப்பாவின் மூத்த அக்கா, எண்பதைத் தாண்டியவர். பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பல் செட் உண்டு, அது பெரும்பாலும் டப்பாவில்தான் இருக்கும். ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் சமைக்கிற தவசுப்பிள்ளையே அத்தையிடம் வந்து கரண்டியை நீட்டி உப்புப் பார்க்கச் சொல்வார். இப்போது முழங்கால் வலியில் அடுப்பு முன்னால் நிற்க முடியாது. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, கிளம்புகிற நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி, அடுத்த தடவ வரும்போது ஒரு நாள் சொதி வச்சுத் தாயேன்."

திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சொதி என்பது எங்கள் பக்கத்து மறுவீட்டு விருந்துச் சாப்பாடு. கல்யாணம் முடிந்த மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுவது, அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வார்கள். புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது, எங்கள் வீட்டில் மஞ்சள்கூடக் கிடையாது. தேங்காயை மூன்று தடவை பால் பிழிந்து, காய்கறியும் வேகவைத்த பாசிப்பருப்பும் சேர்த்து, இஞ்சி, பச்சைமிளகாய்க் காரத்தில் வெள்ளை வெளேரென்று வைத்து இறக்கி, கடைசியில் எலுமிச்சை பிழிவது. இலங்கையில் இடியாப்பத்துக்கு மஞ்சள் போட்டுத் தண்ணியாக வைக்கிற சொதியிலிருந்துதான் இது வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனவர்கள் ஏராளம், அத்தையின் மாமனாரும் அங்கே கடை வைத்திருந்தவர்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போவது எங்கள் வீட்டுக் கதைகளில் வெகு சாதாரணமாக வரும், இப்போது நாம் பெங்களூர் பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அங்கே தினப்படிக்கு வைக்கிற சாறு இங்கே வந்து முந்திரிப்பருப்பெல்லாம் போட்டுக்கொண்டு கல்யாண விருந்தில் ஏறிவிட்டது.

விஷயம் அத்தானுக்குத் தெரிந்ததும் ஃபோனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தேங்காய்ப்பால் எல்லாம் அம்மாவுக்கு ஆகாது. பசும்பால ஊத்தி வச்சுரு, அவளுக்கு எங்க தெரியப்போகுது." நல்ல மனதோடுதான் சொல்கிறார், தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான், எனக்கென்ன, வந்து ஒரு நாள் சமைத்துவிட்டுப் போகிறவள். ஆனாலும் இதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயிரம் பேர் பந்திக்கு உப்புப் பார்த்த நாக்கை ஏமாற்றலாம் என்று நினைப்பதே அவமரியாதை. அதுவும் போக, பாலை ஊற்றி எலுமிச்சையைப் பிழிந்தால் பனீர்தான் வரும்.

ஆகாது என்று சொல்லப்படுகிற எதுவும் பெரும்பாலும் அளவைப் பொறுத்ததுதான். தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பங்கு நிறைகொழுப்பு, தினமும் பால் பிழிந்து ஊற்றினால் யாருக்கும் நல்லதில்லை. எப்போதாவது ஒரு நாள், இரண்டு சிறு கரண்டி என்றால்? அத்தை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டேன். சாப்பிடட்டும், சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், ராத்திரி வேண்டாம், மதியம் கொடுங்கள் என்றார். அவர் அழுத்திச் சொன்னது வேறு ஒன்று: நேரம் தவறக்கூடாது.

விருந்துச் சமையலில் பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவரோ, அதற்கான சில வகை மாத்திரை சாப்பிடுகிறவரோ வேளைக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சடசடவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், சிலருக்குப் பேச்சே குழறும், எழுந்து நடக்கப்போய் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறதும் உண்டு. நாமோ பிரமாதமாகச் செய்கிறோம் என்று இரண்டு மணி வரை அடுப்படியில் உருட்டிக்கொண்டிருப்போம், அவர்களும் நமக்காகப் பசியைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவர். அதனால் காய் நறுக்குவது, பருப்பு வறுப்பது, சிப்ஸ் போடுவது எல்லாம் முதல் நாள் சாயங்காலமே முடித்துவிட வேண்டும், மறுநாள் காலையில் பால் பிழிவதும் சொதி வைப்பதும் மட்டும்தான் என்று முதலிலேயே திட்டம் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் சின்ன வெங்காயத்தைச் சுளகில் கொட்டி அத்தை மடியில் வைத்துவிட்டேன். அத்தான் வீட்டு அக்கா "அவங்கள எதுக்கு வேலை வாங்குத, நான் உரிக்கேன்" என்று ஓடி வந்தார். விடவில்லை நான். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே. வெந்நீரில் போட்டு உரிப்பது, மிக்சியில் சுற்றித் தோல் எடுப்பது என்று யூடியூபில் என்னென்னவோ காட்டுகிறார்கள், அத்தை எதையும் செய்யவில்லை. வெங்காயத்தின் தலைப்பக்கத்தை நகத்தால் ஒரு கிள்ளு, கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு நெம்பு, தோல் ஒரே சுற்றில் கழன்று சுளகின் ஓரத்துக்குப் போய்விடும், உரித்த வெங்காயம் நடுவில் விழும். விரல்கள் மூட்டுக்கு மூட்டு வளைந்திருக்கின்றன, ஆனாலும் அந்த வேகம் அப்படியே இருக்கிறது. கண் டிவியில், வாய் என் மாமியார் வீட்டு விவரங்களை விசாரிப்பதில்.

மற்ற காய்கள் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப்பட்டாணி, முருங்கைக்காய். இதில் முருங்கைக்காய்தான் எனக்குக் கவலை. பல் இல்லாதவர் மென்று சக்கையைத் துப்புவது சிரமம், நார் தொண்டையில் மாட்டினால் ஆபத்து, அதற்காக முருங்கைக்காயே போடாவிட்டால் சொதிக்கு அந்த மணம் வராது. தனியாக வேகவைத்து, ஒவ்வொரு துண்டையும் கீறி, ஸ்பூனால் உள்ளே இருக்கும் சதையை வழித்து எடுத்து, முற்றிய விதைகளைத் தள்ளிவிட்டு, அந்த விழுதைச் சொதியில் கலந்துவிட்டேன். இதற்கென்று பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கேரட், பீன்ஸை விருந்தில் போடுகிற அளவுக்கு நீளமாக நறுக்காமல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, விரலால் அமுக்கினால் மசிகிற பதத்துக்கு வேகவிட வேண்டும். மொத்தத்தையும் மிக்சியில் அடித்துக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது வீட்டில். விழுங்குவதிலேயே சிக்கல் உள்ளவர்களுக்கு அது தேவைப்படும், அதையும் டாக்டரோ அதற்கான பயிற்சியாளரோதான் சொல்ல வேண்டும். அத்தைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பல்தான் இல்லை.

நாலு பேருக்கு நான் வைத்த அளவைச் சொல்கிறேன். நன்றாக முற்றிய பெரிய தேங்காய் ஒன்று. பாசிப்பருப்பு கால் கப். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி தாராளமாக, பூண்டு பத்துப் பல், காய்கள் எல்லாம் சேர்த்து இரண்டரை கப் போல. இஞ்சி இரண்டு அங்குலம், பச்சைமிளகாய் ஆறு. எலுமிச்சை ஒன்று. முந்திரியை விட்டுவிட்டேன்.

தேங்காயைத் துருவி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் பால் நன்றாக இறங்கும். முதல் பால் ஒரு கப், கெட்டியாக. இரண்டாவது ஒன்றரை, மூன்றாவது இரண்டு கப். மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பருப்பை வாசம் வர வறுத்துக் குழைய வேகவையுங்கள், சிவக்க வறுத்துவிட்டால் சொதியின் நிறம் போய்விடும். கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் வெங்காயம், பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, காய்களைப் போட்டுப் புரட்டி, மூன்றாம் பாலை ஊற்றி உப்புப் போட்டு வேகவிட வேண்டும். காய் வெந்ததும் இஞ்சியையும் மிளகாயையும் அரைத்த விழுது. அத்தைக்கு எரியுமோ என்று நான் மிளகாயின் விதையை மட்டும் எடுத்துவிட்டேன். விழுதின் பச்சை வாசனை போனதும் பருப்பு, இரண்டாம் பால், முருங்கைச் சதை. ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும்.

முதல் பால் ஊற்றிய பிறகு அடுப்பை விட்டு நகரக்கூடாது. தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கிற எண்ணெய்த் துளிகள்தானே, அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பிடித்து வைத்திருப்பது அதில் உள்ள புரதம். தளதளவென்று கொதித்தால் புரதம் வெந்து சுருண்டு பிடியை விட்டுவிடும், எண்ணெய் தனியே தண்ணீர் தனியே ஆகிவிடும். புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் எலுமிச்சை எப்போதும் கடைசியில், அதுவும் இறக்கி ஆறின பிறகு. இந்த விளக்கம் எதுவும் தெரியாமலே அத்தை அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, கொதிக்க விட்டுராத. ஓரத்துல நுரை கட்டுதா பாரு. கட்டுனதும் இறக்கிரு." நான் எட்டிப் பார்ப்பதற்குள், "கட்டியிருக்கும், இறக்கு" என்றார். கட்டியிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்பே தெரியாது.

உப்பு விஷயம் கொஞ்சம் பேச வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, நம் ஊரில் ஊறுகாயும் அப்பளமும் சேர்த்தால் அதைக் காலையிலேயே தாண்டிவிடுவோம். இதற்கு மாற்றாக லோ சோடியம் உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தங்கிவிடும், அது இதயத்தைப் பாதிக்கும். டாக்டரிடம் கேட்காமல் மாற்றக்கூடாத சாமான் அது. நான் சாதாரண உப்பையே பாதியாகக் குறைத்துப் போட்டேன், அப்பளம், ஊறுகாய் இரண்டையும் அன்றைக்கு மேசைக்கே கொண்டுவரவில்லை.

பாதி உப்பில் ருசி வருமா என்றால், சொதியில் வரும். வயதானால் நாக்கைவிட மூக்குதான் அதிகம் மங்கும், ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான், அதனால்தான் "எதைச் சாப்பிட்டாலும் மண்ணு மாதிரி இருக்கு" என்று பெரியவர்கள் புலம்புகிறார்கள், நாமும் வேண்டுமென்றே குறை சொல்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்குச் சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும், மேல்வரிசைப் பல் செட் அண்ணத்தை மூடிவிடும். உப்பைக் குறைத்தால் வாசனையையும் புளிப்பையும் கூட்ட வேண்டும். சொதியில் இஞ்சியும் எலுமிச்சையும் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொன்றும் செய்தேன்: தாளிப்பை முன்னாடியே கொட்டி மூடி வைக்காமல், அத்தை தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகு, தேங்காய் எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் பொரியவிட்டு அவர் கண்முன்னால் சொதியில் கொட்டினேன். சுர்ரென்ற சத்தத்துக்கே முகம் மாறியது. எலுமிச்சையை அவரே பிழிந்துகொண்டார், வெட்டிய மூடியைக் கையில் கொடுத்தால் போதும், எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

சோறு அம்பை 16 அரிசியில் வடித்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குட்டை அரிசி ரகம், நன்றாகக் குழைந்து கொடுக்கும், மென்மையான சோறு வேண்டுகிறவர்களுக்குச் சன்ன அரிசியைவிட இதுதான் தோது. சொதிக்கு ஜோடி என்றால் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும், இது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். தேங்காய்ப்பால் மந்தம் தட்டும், இஞ்சி அதைச் சரிக்கட்டும் என்பார்கள். பச்சடிக்கு வெல்லம் போட வேண்டும், கொஞ்சமாகப் போட்டு, அத்தைக்குத் தொட்டு நக்குகிற அளவுதான் வைத்தேன்.

சிப்ஸைப் பார்த்து அத்தான் சிரித்தார், பல்லில்லாதவருக்குச் சிப்ஸா என்று. அத்தை பதிலே சொல்லவில்லை. நாலைந்து சிப்ஸை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிச் சோற்றின்மேல் தூவி, அதற்குமேல் ஒரு கரண்டி சொதியை ஊற்றி, பிசையாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊறட்டும் என்றார். சிப்ஸின் ஓரம் மட்டும் லேசாக மொறுமொறுப்போடும் நடு மெத்தென்றும் ஆகிற ஒரு கட்டம் இருக்கிறது, அது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அப்புறம் பிசைந்தார். அதையே நானும் செய்து பார்த்தேன், பல் இருப்பவர்களும் இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாராட்டுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, அந்தத் தலைமுறையில் சமைத்தவளை முகத்துக்கு நேரே பாராட்டுகிற பழக்கமே கிடையாது. தட்டில் சோறு வைத்தது வழக்கத்தைவிடக் குறைவு, இரண்டாவது தடவை சொதி கேட்டபோது காயாகப் பார்த்து அள்ளி வைத்தேன், கவனித்துவிட்டு, "சாறும் ஊத்து, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும்தான் தீர்ப்பு வந்தது. "மொளகாய்க்கு விதைய எடுத்தியோ?"

"ஆமா அத்தே, உங்களுக்கு எரியுமேன்னு…"

"எடுக்காண்டாம். சொதிக்கு அந்தக் காரம் வேணும்லா. மத்தபடி சரியாத்தான் இருக்கு." பிறகு அத்தானைப் பார்த்து, "பாலை ஊத்தி வைக்கச் சொன்னியாமே?" என்றார். நான் சொல்லவில்லை, சத்தியமாக. ஃபோனில் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் அந்த வீட்டில் எல்லாம் கேட்கும் என்று அத்தானுக்கு இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் சர்க்கரை பார்த்தோம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட, பயப்படுகிற அளவுக்கு இல்லை. ராத்திரிக்கு ஒரு கோதுமை தோசையோடு நிறுத்திக்கொண்டார், யாரும் சொல்லாமலே.

மீதிச் சொதி பற்றி ஒரு குறிப்பு. தேங்காய்ப்பால் போட்ட எதையும் எங்கள் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குமேல் வெளியே வைக்க முடியாது, புளித்துவிடும். பரிமாறுகிற அளவை மட்டும் தனியாக எடுத்து எலுமிச்சை பிழிந்துவிட்டு, மிச்சத்தைப் பிழியாமல் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் காலை மெல்லிய தீயில் கொதிக்கவிடாமல் நன்றாகச் சூடுபண்ணி, இடியாப்பத்துக்கு ஊற்றி எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் பாதிப் பேர் இந்த மறுநாள் சொதிக்குத்தான் ரசிகர்கள். அத்தைக்கு அதில் நம்பிக்கை கிடையாது, சொதி அன்றன்றைக்கு வைத்து அன்றன்றைக்குச் சாப்பிட வேண்டியது என்பார்.

அடுத்த தடவைக்கும் உத்தரவு ஆகிவிட்டது. தொலி உளுந்து போட்டு உளுந்தஞ்சோறு, கூட எள்ளுத் துவையல். எள்ளை மிக்சியில் அரைத்தால் சாப்பிட மாட்டாராம். மொட்டை மாடிப் படிக்குக் கீழே கிடக்கிற அம்மியை எடுத்துக் கழுவி வைக்கச் சொல்லி அத்தானிடம் சொல்லியாகிவிட்டது, அவர் இடுப்பு வலி என்கிறார்.